அவுட்போர்டு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்: ஆயில் ஊற்றியும் வீல் தொளதொளவென்று இருக்கிறது, ஏர் முழுசாக எடுப்பது எப்படி?

உப்புக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். என் படகில் 150 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) ஒன்று. எஞ்சினுக்கு முன்னால் குறுக்காகப் பொருத்திய ஹைட்ராலிக் சிலிண்டர், ஒரே ஒரு ஸ்டீயரிங் வீல். படகைப் பழையதாகத்தான் வாங்கினேன். ஸ்டீயரிங் எந்த வருஷம் போட்டது, கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று எந்தக் குறிப்பும் கைக்கு வரவில்லை.

பிரச்சினை இதுதான். வீலைத் திருப்பினால் முதலில் கொஞ்ச தூரம் எஞ்சின் அசைவதே இல்லை. அப்புறம் திடீரென்று பிடித்துக்கொள்கிறது. வலது கடைசிக்குப் போனால் கல் மாதிரி நிற்க வேண்டிய இடத்தில் ரப்பரை அழுத்துவது போல அமுங்குகிறது, கையை எடுத்தால் வீல் கொஞ்சம் பின்னால் திரும்பி வருகிறது. ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்குப் போக முன்னைவிட அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

வீல் பக்கத்தில் இருக்கும் மூடியைத் திறந்து பார்த்தேன், ஆயில் கண்ணுக்கே தெரியவில்லை. ஊற்றினேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது. மறுபடி இறங்கிவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. சிலிண்டரின் இடது முனையில் மட்டும் ராடின் (சிலிண்டரின் இரு முனையிலும் வெளியே நீளும் தண்டு) மேல் மெல்லிய எண்ணெய்ப் பசை, அதில் உப்பும் தூசியும் ஒட்டிக் கறுப்பாக இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: என்ன ஆயில் ஊற்ற வேண்டும்? கையில் பிரேக் ஆயில் இருக்கிறது, அது ஆகுமா? ஏர் எடுப்பதை, அதாவது ஆயில் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, ஒரே ஆள் செய்ய முடியுமா? முழுசாக ஏர் போய்விட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது? அதுவரை மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா?

---

துடுப்பு:

பிரேக் ஆயில் பாட்டிலை முதலில் படகிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரு சொட்டு கூடப் போகக்கூடாது. இந்த ஸ்டீயரிங்கில் இருக்கும் சீல்கள் மினரல் ஆயிலுக்கு என்று செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்து, மென்மையாகிக் கெட்டுவிடும். ஒரு சீலோடு போகாது, பம்ப், சிலிண்டர் எல்லாவற்றிலும் இருப்பவை போகும். கழுவியெல்லாம் சரி செய்ய முடியாது.

ஓட்டுவதைப் பற்றி: வேண்டாம். ஹைட்ராலிக்கில் ஆயில் போய்விட்டால் எஞ்சினைப் பிடித்து வைத்திருக்க எதுவுமே இல்லை. புரொப்பெல்லர் சுழலும் விசையே எஞ்சினை ஒரு பக்கம் இழுத்துத் திருப்பும். வேகத்தில் அது நடந்தால் படகு சட்டென்று வட்டமடிக்கும், உள்ளே இருப்பவர்கள் வெளியே தூக்கி எறியப்படுவார்கள். ஏர் எடுக்கும் முறையை விவரமாகச் சொல்ல இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

---

சுக்கான்:

இந்த வேலையைத்தான் நான் தினமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹைட்ராலிக் ஸ்டீயரிங் மூடிய அமைப்பு. வீலுக்குப் பின்னால் ஒரு சின்ன பிஸ்டன் பம்ப், அதிலிருந்து இரண்டு ஹோஸ், ஹோஸ் போய்ச் சேரும் இடத்தில் சிலிண்டர். இவ்வளவுதான். எஞ்சின் ஆயில் மாதிரி இந்த ஆயில் எரிந்து குறைவதில்லை, ஆவியாவதும் இல்லை. மட்டம் இறங்கியிருக்கிறது என்றால் எங்கோ வழியாக வெளியே போயிருக்கிறது. நீங்கள் இடது முனையில் பார்த்த அந்தக் கறுப்புப் பசைதான் விடை. சிலிண்டரின் இடது முனைச் சீல் தேய்ந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு அழகாக ஏர் எடுத்தாலும் சில வாரத்தில் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். முதலில் சீல், அப்புறம்தான் ஏர்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி. ராடையும் சிலிண்டர் முனைகளையும் துணியால் சுத்தமாகத் துடைத்துக் காய விடுங்கள். ஹோஸ் மாட்டியிருக்கும் இரண்டு நட்டுகளையும், வீலுக்குப் பின்னால் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தையும் அதே மாதிரி துடையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு ஆளை விட்டு வீலைக் கடைசி வரை திருப்பி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சில தடவை. எந்தக் காகிதம் நனைகிறதோ அதுதான் குற்றவாளி. பம்ப் ஷாஃப்ட் சீல் போயிருந்தால் பெரும்பாலும் ஓட்டுகிறவருடைய முழங்காலில் சொட்டு விழும். உங்களுக்கு அங்கே காய்ந்திருக்கிறது, நல்லது.

சீல் மாற்றுவது பயப்படும்படியான வேலை இல்லை. சிலிண்டரின் முனையில் திருகி மாட்டிய மூடி மாதிரி ஒரு பாகம் இருக்கும், அதன் முகத்தில் சின்னத் துளைகள். இரண்டு முள் வைத்த ஸ்பேனரால் அதைக் கழற்ற வேண்டும். உங்கள் சிலிண்டரின் மாடல் எண்ணைச் சொன்னால் அதற்கான சீல் கிட் கிடைக்கும். ஒரு முனை போயிருந்தால் மறு முனையும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். புதுச் சீலை மாட்டும் முன் ராடை நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே உப்பு அரித்த குழியோ கீறலோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த ராடில் புதுச் சீல் நிற்காது. ராடின் முனையில் மரை இருக்கும். அதன் மேல் டேப் சுற்றி, கொஞ்சம் கிரீஸ் தடவிய பிறகுதான் சீலை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மரையின் கூர் விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, ஆயில் ஊற்றிய பிறகுதான் தெரியும்.

ஹோஸ் இணைப்பு எதையாவது கழற்றினால், மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த ஒரு நூலிழை பம்புக்குள் போய் வால்வில் உட்கார்ந்தால் அந்த வால்வு மூடாது, வீல் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். கூம்பு மரைக்குத் திரவமாக வரும் மரை சீலன்ட் போடலாம். ஓரிங் (ரப்பர் வளையம்) வைத்த இணைப்புக்கு எதுவுமே வேண்டாம்.

ஆயில் பற்றி: சீஸ்டார் என்று வரும் அமைப்பானால் அவர்களுடைய ஸ்டீயரிங் ஆயில்தான் முதல் தேர்வு. எச்ஏ5430 என்ற எண்ணில் ஒரு குவார்ட் பாட்டில் வரும், கிட்டத்தட்ட 950 மில்லி. யூஃப்ளெக்ஸ் கம்பெனி அமைப்புக்கு ஐஎஸ்ஓ விஜி 15 தரத்து (ஆயில் எவ்வளவு லேசு என்று சொல்லும் எண்) ஹைட்ராலிக் ஆயில். பொதுவாக இந்த ஸ்டீயரிங்குகள் எல்லாமே தண்ணீர் போல லேசான ஆயிலில் ஓடுபவை. கெட்டியான ஆயில் ஊற்றினால் வீல் கனக்கும், குமிழியும் சீக்கிரம் மேலே வராது. ஒரு வீல், ஒரு சிலிண்டர் இருக்கும் அமைப்புக்கு இரண்டு பாட்டில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் ஆயில் தீர்ந்தால் உள்ளே மறுபடி காற்று போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரி, ஏர் எடுக்கும் முறை. எஞ்சின் நிறுத்தியிருக்க வேண்டும், சாவி வெளியே, கில் ஸ்விட்ச் (இழுத்தால் எஞ்சினை உடனே நிறுத்துவது) கயிறும் கழற்றியிருக்க வேண்டும். படகு சமமாக நிற்கட்டும். சிலிண்டரில் இரண்டு பக்கமும் இருக்கும் பிளீடர் (காற்றை வெளியே விடத் தளர்த்தும் சின்னத் திருகு) மேல்நோக்கி இருக்கிறதா பாருங்கள், காற்று எப்போதும் உயரமான இடத்தில்தான் போய் உட்காரும்.

வீல் பக்கம் மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் ட்யூப் கிட்டை அந்த மரையில் மாட்டுங்கள். ட்யூப்பின் மறுமுனையில் ஆயில் பாட்டிலைத் திருகிக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, இப்போது மேலே வந்திருக்கும் பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் பாட்டில் ஒட்டிக்கொண்டு ஆயில் இறங்காது. ட்யூப்பில் இருக்கும் குமிழிகள் எல்லாம் மேலே ஏறும் வரை பொறுத்திருங்கள். இந்த நேரத்தில்தான் பலரும் அவசரப்பட்டு வீலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். அந்தக் குமிழிகளை நாமே உள்ளே தள்ளின மாதிரி ஆகும். இங்கிருந்து வேலை முடியும் வரை ட்யூப்பில் ஆயில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மொத்த வேலையிலும் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

இப்போது வீலை வலது பக்கம் கடைசி வரை திருப்புங்கள். சிலிண்டரைப் போய்ப் பாருங்கள், ஒரு பக்கம் ராட் முழு நீளமும் வெளியே தெரியும், மறுபக்கம் ஒளிந்திருக்கும். உங்கள் மாதிரி முன்னால் பொருத்திய சிலிண்டரில் வலது பக்கம் நீளமாகத் தெரிய வேண்டும். எந்தப் பக்கம் நீளமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கத்து பிளீடர்தான் நமக்கு வேண்டியது. பிஸ்டன் இப்போது அந்த முனையை ஒட்டி நிற்கிறது, அதனால் அந்த அறையில் இடம் மிகக் குறைவு. அங்கே போகும் ஆயில் காற்றை எளிதில் வெளியே தள்ளிவிடும்.

பிளீடரில் ஒரு சின்ன ட்யூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் இருக்கும் கண்ணாடி பாட்டிலுக்குள் மூழ்கவிடுங்கள். பிளீடரை அரைச் சுற்று தளர்த்துங்கள். சிலிண்டர் நகராதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வீலை மெதுவாக இடது பக்கம் சுற்ற வேண்டும். பிடித்துக்கொள்வதுதான் இதில் உயிர்நாடி. பிடிக்காவிட்டால் ஆயில் பிளீடர் வழியாகக் காற்றைத் தள்ளுவதற்குப் பதில் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போய்விடும், காற்று உள்ளேயே இருக்கும். பிளீடர் திறந்திருக்கும்போது விசை அதிகம் வராது, கையால் தாங்கலாம். ஆனால் சிலிண்டருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விரலை வைக்காதீர்கள்.

முதலில் வெறும் காற்று புஸ்ஸென்று வரும், அப்புறம் நுரையாக வெள்ளை ஆயில், அப்புறம் இடையிடையே குமிழி, கடைசியில் தெளிந்த ஆயில் கம்பியாக ஓடும். குமிழி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள், நீண்ட ஹோஸில் நடுவில் தங்கின காற்று தாமதமாகத்தான் வரும். வீல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிளீடரை மூட வேண்டும். வீலை நிறுத்திவிட்டு மூடினால் மரை வழியாகக் காற்று உள்ளே இழுபடலாம். பிளீடர் மூடியதும் "மூடியாச்சு" என்று குரல் கொடுங்கள், வீலில் இருப்பவர் உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்து சிலிண்டரை விட்டுவிட்டு, வீலை இடது கடைசி வரை கொண்டு போங்கள். இப்போது மறுபக்கம் ராட் நீளமாகத் தெரியும். அந்தப் பக்கத்து பிளீடரைத் திறந்து, சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு வீலை வலது பக்கம் சுற்றுங்கள். அதே கதைதான். இரண்டு பக்கமும் முடிந்ததும் முழுச் சுற்றையும் இன்னொரு முறை செய்துவிடுங்கள். இரண்டாவது முறையில்தான் பம்பில் ஒட்டியிருந்த கடைசிக் காற்று வெளியே வரும்.

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். அதில் நுரையும் இருக்கும், அழுக்கும் இருக்கும். பால் போல வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, தெளிவாக வரும் வரை புது ஆயிலை ஓடவிட வேண்டும்.

---

மேல்தட்டு:

சுக்கான் சொன்னதோடு சேர்த்து இரண்டு விஷயம்.

ஹோஸ் எப்படிப் போகிறது என்று ஒரு தடவை தொடர்ந்து பாருங்கள். என் படகில் வழியில் ஒரு குறுக்குக் கட்டைக்கு மேலே ஏறி இறங்கி ஒரு வளைவு இருந்தது. எவ்வளவு ஏர் எடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். அந்த மேட்டில்தான் காற்று தங்கியிருக்கிறது. கிளிப்பைக் கழற்றி ஹோஸைத் தாழ்த்தி, மெல்ல ஆட்டிவிட்டுக்கொண்டே ஏர் எடுத்ததும் பெரிய பெரிய குமிழியாக வந்தது. ஹோஸ் முறுக்கிக்கொண்டோ எங்காவது உரசிக்கொண்டோ இருந்தால் அதையும் அப்போதே சரி செய்துவிடலாம். எஞ்சினை முழுசாக மேலே தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பி, ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஆள் செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ராட் வெளியே தெரியும் நீளத்தை அளந்து, அதே நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை வெட்டுங்கள். அதை நீளவாக்கில் ஒரு பக்கம் கீறித் திறந்து ராடின் மேல் கவ்வவிட்டால், சிலிண்டர் அந்தப் பக்கம் நகர முடியாது. கையால் பிடிக்கும் வேலையை அந்தப் பைப் செய்துவிடும். இரும்புப் பைப்போ கிளாம்போ வேண்டாம், ராடில் கீறல் விழும். பைப்பின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள். ஆனால் வீலுக்கும் படகின் பின்பக்கத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டில் காலியாவதைக் கவனிக்க ஆள் இருக்காது. முதல் தடவை ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வீல் இருப்பவர்களுக்கு: ஆயில் பாட்டில் மேல் வீலில்தான் தொங்க வேண்டும். காற்றோட்டத் துளை உள்ள மூடி மேலே, துளை இல்லாத மூடி கீழே. மாறிப்போனால் கீழ் மூடி வழியாக ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். ஏர் எடுப்பதையும் இரண்டு வீலிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

---

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. காகிதச் சோதனை செய்தேன். இடது முனைக் காகிதம் மட்டும் நனைந்தது, மற்ற எல்லாம் காய்ந்தே இருந்தன. சீல் கிட் வாங்கி இரண்டு முனையும் மாற்றியாயிற்று. ராட் நன்றாகவே இருக்கிறது, நகம் எங்கும் தட்டவில்லை. பழைய சீலின் உதடு ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்ந்து போயிருந்தது.

தம்பியை வீலில் உட்கார வைத்து, நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஏர் எடுத்தோம். ஆரம்பத்தில் வந்த ஆயில் சாம்பல் நிறம், போகப் போகத் தெளிந்தது. வீல் இப்போது எவ்வளவோ மேல், திருப்பினதும் எஞ்சின் உடனே அசைகிறது.

இருந்தாலும் மூன்று சந்தேகம். வலது கடைசியில் வீலை அழுத்திப் பிடித்தால் ட்யூப்பில் ஆயில் மட்டம் கொஞ்சம் கீழே இறங்குகிறது, விட்டால் மேலே வருகிறது. இடது பக்கம் அப்படி இல்லை. இன்னொன்று, கடைசிக்கு வந்த பிறகும் பலமாகத் திருப்பினால் வீல் மெல்ல நகர்கிறது. மூன்றாவது, எஞ்சின் நேராக இருக்கும்போது வீலின் நடுக்கம்பி நேராக நிற்பதில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. மறுபடி ஏதாவது கசிகிறதா?

---

சுக்கான்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். மட்டம் இறங்குவதைக் கவனித்தீர்களே, அதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான சோதனை.

ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். கடைசிக்கு வந்த பிறகு சிலிண்டர் நகர இடம் இல்லை. அப்போது வீலை அழுத்தினால் ட்யூப்பில் இருக்கும் ஆயில் எங்கே போகிறது? உள்ளே ஒரு குமிழி சுருங்கி இடம் கொடுக்கிறது, அங்கே போகிறது. கையை விட்டதும் குமிழி விரிந்து ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியும்படி மட்டம் இறங்கினால் காற்று இன்னும் இருக்கிறது என்பது உறுதி. எந்தப் பக்கம் அழுத்தும்போது இறங்குகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஆயில் கொண்டு போகும் ஹோஸிலோ அறையிலோ தேடுங்கள். உங்களுக்கு வலது பக்கம் சுற்றும்போது அழுத்தம் வரும் பாதை அது. அதாவது இடது கடைசியில் நிறுத்தி, இடது பிளீடரைத் திறந்து, வலது பக்கம் சுற்றும் அந்தப் படியை மறுபடி செய்ய வேண்டும். இந்த முறை மேல்தட்டு சொன்னபடி ஹோஸை அங்கங்கே தட்டிவிடுங்கள், வளைவில் மேடு இருக்கிறதா பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் குமிழி ஹோஸிலேயே நின்றுவிடும், அதனால் குமிழி வராத மாதிரித் தெரிந்தாலும் கொஞ்சம் வேகமாகச் சில சுற்று சுற்றிப் பாருங்கள். ட்யூப்பில் மட்டத்தை மறக்க வேண்டாம், வேகமாகச் சுற்றினால் பாட்டிலும் வேகமாகக் காலியாகும்.

அப்படியும் போகவில்லையானால் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பாட்டில் தொங்கியபடியே இருக்கட்டும், பிளீடர் இரண்டும் மூடியிருக்கட்டும். ஆயிலில் கலந்திருக்கும் நுண்ணிய குமிழிகள் ஒன்றுசேர்ந்து உயரமான இடத்துக்கு வந்துவிடும். காலையில் எடுத்தால் ஒரே மூச்சில் வரும். நுரைத்த ஆயிலோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். மோட்டார் வைத்து ஆயிலைச் சுழற்றிக் காற்றை வெளியேற்றும் மெஷினும் உண்டு, நீண்ட ஹோஸும் இரண்டு மூன்று வீலும் உள்ள பெரிய படகுகளுக்கு அது நல்ல வசதி. உங்கள் அமைப்புக்குக் கையே போதும்.

கடைசிக்கு வந்த பிறகும் பலம் கொடுத்தால் வீல் மெல்ல நகர்வது இயல்புதான். பம்பின் உள்ளே ஆயில் கொஞ்சம் கசிந்து திரும்பும், அதனால் எதுவும் கெடாது. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்றால், காற்று இருந்தால் வீல் அமுங்கி, விட்டதும் பின்னால் துள்ளி வரும். உள்கசிவு என்றால் கனமாக, ஒரே சீராக நகரும், விட்டால் துள்ளாது. லேசான கைக்கே நிற்காமல் சுற்றுகிறது என்றால் மட்டும் பம்பின் வால்வையோ சிலிண்டரின் பிஸ்டன் சீலையோ சந்தேகப்பட வேண்டும்.

நடுக்கம்பி விஷயம் கசிவு இல்லை. வீலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கம்பியோ பல்சக்கரமோ கிடையாது, ஆயில் மட்டும்தான். அந்தச் சின்ன உள்கசிவால் வீலின் நிலை காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். எல்லா ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கிலும் இப்படித்தான். வீலைக் கழற்றி நேராக மாட்டினாலும் திரும்ப மாறும், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

ஏர் முழுசாகப் போனதும் பாட்டிலைக் கழற்றி, ஆயில் மட்டத்தை மூடி மரையின் அடிப்பகுதி வரை வைத்து மூடுங்கள். அதற்கு மேல் நிரப்பாதீர்கள். வெயிலில் ஆயில் விரியும், விரிய இடம் இல்லாவிட்டால் மூடியின் காற்றுத் துளை வழியாக வழிந்து டேஷ்போர்டு முழுக்க ஆகும். அதைப் பார்த்துப் பம்ப் சீல் போய்விட்டது என்று பம்பையே மாற்றுகிறவர்கள் உண்டு.

---

உப்புக்காற்று:

இடது பிளீடரில் மறுபடி எடுத்தேன். ஹோஸ் பேட்டரிப் பெட்டியைத் தாண்டும் இடத்தில் ஒரு கையளவு மேடு இருந்தது. கிளிப்பைக் கழற்றித் தாழ்த்தியதும் கண்ணாடி பாட்டிலில் ஒரு பெரிய குமிழி, அதன் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழிகள். அப்புறம் தெளிந்த ஆயில். இப்போது இரண்டு கடைசியிலும் அழுத்தினால் ட்யூப்பில் மட்டம் அசையவில்லை. வீல் கல்லாக நிற்கிறது. ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது.

நாளைக்குத் தண்ணீரில் இறக்கலாம் என்று இருக்கிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

சுக்கான்:

கட்டியிருக்கும் இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, வீலை இரண்டு கடைசிக்கும் பல தடவை திருப்பிப் பாருங்கள். சிலிண்டர் முனைகளையும் இரண்டு பிளீடரையும் விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கக்கூடாது. பிளீடருக்கு ரப்பர் தொப்பி இருந்தால் போட்டுவிடுங்கள், உப்பு உள்ளே போய் இறுகினால் அடுத்த தடவை தளர்த்தும்போது முறியும். சீல் மாற்றுவதற்காகக் கழற்றிய ராடின் முனை நட்டுகளை உங்கள் சிலிண்டருக்கான கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முடுக்கியிருக்கிறீர்களா என்று இன்னொரு தடவை பாருங்கள். தானே பூட்டிக்கொள்ளும் நட்டாக இருந்தால் பழையதைத் திரும்பப் போடாமல் புதிதே போடுங்கள். ஸ்டீயரிங் மொத்தமும் அந்த நட்டுகளைத்தான் நம்பியிருக்கிறது.

முதல் ஓட்டம் மெதுவான வேகத்தில், திறந்த இடத்தில், கில் ஸ்விட்ச் கயிறு உடம்பில் மாட்டியபடி. திரும்பி வந்ததும் ஆயில் மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மிச்சமிருந்த நுண்குமிழி மேலே வந்திருக்கிறது, நிரப்பிவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் பிறகும் பாருங்கள். அதற்கு மேல் இறங்கக்கூடாது.

வெளியே எடுத்த பழைய ஆயிலைப் படகின் அடியில் ஊற்றிவிட வேண்டாம், படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் அதைத் தண்ணீரில்தான் கொண்டு போய்க் கொட்டும். மூடி உள்ள டப்பாவில் பிடித்து, பழைய எஞ்சின் ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.